கடைமடைக்கும் ஒரு பங்கு

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். மேற்கே நெடுஞ்சுவர் எழுப்பியதுபோல் மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் கண்மாய்களும். சாலையை ஒட்டி நூற்பாலைகள். இவ்விரு நகரங்களில் வாழும் நம்மில் பலருக்கு இணையத் தொடர்பு இன்று குழாய்நீரைப்போல் இயல்பான ஒன்றாகிவிட்டது. இரவு உணவுக்குப்பின் விரும்பிய திரைப்படத்தை விரும்பிய நேரத்தில் பார்க்கிறோம். பாதியில் நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம். ஆயின், சாலையை விட்டு மலையை நோக்கித் திரும்பிச் சில கிலோமீட்டர் சென்றால் போதும். கைப்பேசியின் திரையில் படம் நின்று, நடுவில் ஒரு சிறு வட்டம் சுழலத் தொடங்கும். அந்தச் சுழல்வட்டத்தைப் பற்றியே இக்கட்டுரை.

மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நடந்த அன்பியக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். நூற்பாலையில் இரவுப்பணி பார்க்கும் பெண் ஒருவரின் வீட்டில் கூட்டம். செபம் முடிந்து தேநீருக்காகக் காத்திருந்தபோது, அவர் கையிலிருந்த கைப்பேசியைக் காட்டிச் சலித்துக்கொண்டார். காலையில் வேலை முடிந்து வந்ததும், தூங்கப்போகுமுன் அரைமணி நேரம் ஏதாவது படம் பார்க்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. பத்து நாள்களாக ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். கதாநாயகி இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லையாம். எல்லாரும் சிரித்தோம். நாம் மட்டும் சிரிப்போடு நில்லாமல் ஓர் அறிவுரையும் சொல்லிவைத்தோம்: "நல்லதுதானம்மா. அது ஓடலைன்னா அந்த நேரத்துல ஒரு செபமாலை சொல்லலாமே."

அவர் தேநீர்க் குவளையை நீட்டியபடியே கேட்டார்: "உங்க வீட்டுல ஓடுதா சார்?"

"ஓடுதம்மா."

"அப்ப நீங்க செபமாலை சொல்றதில்லையா சார்?"

அக்கேள்வியில் குத்தல் ஏதுமில்லை. அறிந்துகொள்ளும் ஆவலோடுதான் கேட்டார். எனினும் நம்மால் அதற்கு விடை சொல்ல இயலவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அது நம்மோடு வந்தது. எளியவரிடம் இல்லாத ஒன்றை, அது இல்லாதிருப்பதே அவருக்கு நல்லது என்று சொல்லும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்? நம் வீட்டில் அனுபவிக்கும் ஒன்றை அவர் வீட்டில் எப்படி ஆபத்து என்று அழைத்தோம்? பொழுதுபோக்கு என்பது மனிதனின் தேவைகளுள் ஒன்றா, அன்றி மிச்சம் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரமா? இவ்வினாக்களை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப்பார்க்க விழைகிறோம்.

முதலில், அந்த வட்டம் ஏன் சுழல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் அறியாமல் அறம் பேசுவது எளிது; பயன் குறைவு.

வானொலியும் பழைய தொலைக்காட்சியும் ஒரே அலையை ஊர் முழுவதற்கும் வீசுபவை. ஒருவர் பார்த்தாலும் ஓராயிரம் பேர் பார்த்தாலும் அலை ஒன்றே. ஒருவர் பார்ப்பதால் அடுத்தவருக்குக் குறைவதில்லை. இணையவழிக் காட்சி அத்தகையதன்று. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓடை ஓட வேண்டும். கைப்பேசிக் கோபுரம் ஒன்றின் கொள்ளளவை அதன்கீழ் வாழும் அனைவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். மாலை ஏழு மணிக்கு மேல் ஊரே கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது ஒவ்வொருவர் பங்கும் சுருங்குகிறது. கோபுரத்திலிருந்து தொலைவு கூடினாலும், இடையே மலைமுகடு மறித்தாலும் இன்னும் சுருங்குகிறது. கோபுரத்துக்கே கண்ணாடி இழை வராமல், மற்றொரு கோபுரத்திலிருந்து வான்வழியாகத் தொடர்பு பெறும் இடங்களில் அந்த ஊற்றே சிறிது. மின்சாரம் நின்று மின்கலமும் தீர்ந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

கண்மாய்ப் பாசனம் அறிந்த நம் மக்களுக்கு இது புதிய செய்தியன்று. மடை திறந்தால் தலைமடை வயலுக்குத் தண்ணீர் முதலில் பாயும். கடைமடை வயலுக்கு வந்து சேர்வது மிஞ்சியது மட்டுமே. அதனால்தான் நம் முன்னோர் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினர். அதைப் பார்த்துக்கொள்ள நீர்பாய்ச்சி என்று ஒருவரை ஊரார் நியமித்தனர். இணையத்தின் கடைமடையில் இருப்போருக்கு அத்தகைய நீர்பாய்ச்சி எவரும் இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. நாட்டின் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்திற்கு நடுவண் அரசு 2011ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. அதுவே பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கைப்பேசித் தொடர்பே எட்டாதிருந்த 24,680 சிற்றூர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை அளிக்க 26,316 கோடி ரூபாயை நடுவண் அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஒதுக்கியது. இவை சிறிய முயற்சிகளல்ல. ஆயினும், இழை ஊராட்சி அலுவலகம்வரை வருவது ஒன்று. ஓர் ஊராட்சிக்குள் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களின் வீடுகள்வரை செல்வது வேறொன்று. வாய்க்கால் ஊர் எல்லைக்கு வந்துவிட்டதாலேயே வயல் நனைந்துவிடாது.

'அகலப்பட்டை' என்ற சொல்லின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது அகலப்பட்டை. 2013இல் அவ்வளவு 512 ஆயிற்று. 2023இல்தான் 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. ஆனால் முழுத்தெளிவுடன் ஒரு திரைப்படம் தடையின்றி ஓட நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் வேண்டும். ஆக, சட்டத்தின் கணக்கில் அகலப்பட்டை பெற்றுவிட்ட ஒரு வீட்டில் படம் ஓடாமலே இருக்கலாம். மேலும், அத்தகைய தெளிவில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரை செலவாகும். நம் எளிய மக்கள் கட்டும் முன்கட்டணத் திட்டங்களுள் பலவற்றில் நாளொன்றுக்குக் கிடைப்பதோ 1.5 அல்லது 2 ஜிபி. அது தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டாகக் குறைந்துவிடும். மகன் பாடத்துக்காகக் காணொலி பார்த்துவிட்டால் தாயின் படம் அன்றைக்கு நின்றது நின்றதுதான்.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய துன்பம் என்று எண்ண வேண்டாம். செல்வம் மிகுந்த ஆஸ்திரேலியாவிலும் உட்பகுதிப் பண்ணைவீடுகளுக்கு இழை கொண்டுசெல்ல இயலவில்லை. அந்நாட்டு அரசின் வலையமைப்பு நிறுவனம் 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் 'ஸ்கை மஸ்டர்' என்னும் இரு துணைக்கோள்களை ஏவியது. அவை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. தொடக்க ஆண்டுகளில் அச்சேவையின் தரவு அளவு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பகலிலும் மாலையிலும் குறைவான அளவு. நள்ளிரவுக்குப்பின் ஒரு மணி முதல் காலை ஏழு மணி வரை தாராளமான அளவு. நகரத்தார் மாலையில் அமர்ந்து பார்க்கும் படத்தை, பண்ணைக் குடும்பம் ஊர் உறங்கும் வேளையில் இறக்கி வைத்துக்கொண்டு மறுநாள் பார்க்க வேண்டும். பின்னாளில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. எனினும், தேசம் எதுவாயினும் ஆள் குறைந்த இடத்தில் கடைமடையே என்பதை அது நமக்குக் காட்டுகிறது. கோபுரம் நிறுவும் செலவு ஐயாயிரம் பேருக்கும் முந்நூறு பேருக்கும் பெரிதாக வேறுபடாது, வருவாய்தான் வேறுபடும். எனவே சந்தையின் கணக்கில் முந்நூறு பேர் எப்போதும் பின்வரிசையில் நிற்பர்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். "குடிநீரும் மருத்துவமும் கல்வியும் முழுமையாய்க் கிடைக்காத ஊரில் சினிமா பார்க்க முடியவில்லை என்பது ஒரு குறையா? அதற்காகவா பக்கங்களைச் செலவிடுவது?" நாமும் அவ்வாறே எண்ணிப் பழகியவர்கள்தாம். ஆனால் நம் மறையின் ஊற்றுக்களிடம் சென்று கேட்டால், அவை வேறு குரலில் பேசுகின்றன.

நம் ஆண்டவர் செய்த முதல் அரும்அடையாளம் எங்கே நிகழ்ந்தது? கானாவூரில், ஒரு திருமண வீட்டில். அங்கே எவரும் பசியால் வாடவில்லை, நோயால் துடிக்கவில்லை. விருந்தில் திராட்சை இரசம் தீர்ந்துபோயிற்று, அவ்வளவே. ஒரு சிற்றூர்க் குடும்பத்தின் மகிழ்ச்சி பாதியில் நின்றுவிடுமே, அவர்கள் ஊரார்முன் தலைகுனிவார்களே என்பதை முதலில் கண்டுகொண்டது ஒரு தாயின் கண். "இரசம் தீர்ந்தால் என்ன, அந்த நேரத்தில் செபிக்கட்டும்" என்று அன்னை மரியா சொல்லவில்லை. மகனும் சொல்லவில்லை. எளியோரின் மகிழ்ச்சி நின்றுபோவதும் கடவுளின் கவனத்துக்குரியது என்பதை யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது.

பழைய ஏற்பாட்டிலும் அதே குரல்தான். ஓய்வுநாள் கட்டளையை இணைச்சட்டநூல் 5:14 எடுத்துரைக்கும்போது, ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டும் என்று நிறுத்தவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் தலைவனைப்போலவே இளைப்பாற வேண்டும் என்று வற்புறுத்துகிறது. இளைப்பாறுதலில் சமன்மை வேண்டும் என்பதே அக்கட்டளையின் உட்பொருள். இறைவாக்கினர் செக்கரியா, மீட்கப்பட்ட எருசலேமைக் காட்சியில் காணும்போது (8:5) அதன் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் விளையாடி நிற்பதைக் காண்கிறார். மதிலும் கோவிலும் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. விளையாட்டும் மீட்பின் அடையாளமாய்ப் பட்டது.

புனித தோமா அக்குவினார் தம் பெருநூலில் ஒரு பழங்கதையை எடுத்தாள்கிறார். திருத்தூதர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்தபின், "இப்படியே இடைவிடாது எய்துகொண்டே இருக்க முடியுமா?" என்று கேட்டார். "வில் முறிந்துவிடும்" என்றான் அவன். மனித மனமும் அவ்வாறே என்றார் திருத்தூதர். உழைப்பால் உடல் களைப்பதுபோல் மனமும் களைக்கிறது. அதற்குரிய இளைப்பாறுதல் தேவை என்பது அக்குவினாரின் முடிவு. இளைப்பாறுதலை அறவே வெறுப்பதையும் அவர் குறையாகவே கருதினார். இரவு முழுவதும் நூலிழை அறுந்த இடங்களைத் தேடித்தேடி முடிந்து, பஞ்சுத்தூசியோடு வீடு திரும்பும் பெண்ணின் மனமும் ஒரு வில்தான்.

இவையெல்லாம் பழங்காலப் பேச்சு என்று எவரேனும் கருதினால், 1961ஆம் ஆண்டு புனித இருபத்துமூன்றாம் யோவான் வெளியிட்ட 'தாயும் ஆசிரியையும்' என்னும் சுற்றுமடலை எடுத்துப் பார்க்கலாம். வேளாண்மையும் நாட்டுப்புறமும் ஏன் பின்தங்குகின்றன, மக்கள் ஏன் நிலத்தைவிட்டு நகரத்துக்கு ஓடுகின்றனர் என்று அதில் அவர் ஆராய்கிறார். நாட்டுப்புறத்துக்கு அரசுகள் செய்துதர வேண்டிய அடிப்படை வசதிகளைப் பட்டியலிடுகிறார். சாலை, போக்குவரத்து, தகவல்தொடர்பு, குடிநீர், வீடு, மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு பொழுதுபோக்கு வசதியையும் அவர் அப்பட்டியலில் சேர்த்திருக்கிறார். இணையம் என்ற சொல்லே பிறவாத காலத்தில் எழுதப்பட்டது அது. ஆனால் மலையடிவாரத்து வீட்டின் சுழல்வட்டத்திற்கு அதில் இடம் இருக்கிறது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் மறக்கலாகாது. முன்பு நம் சிற்றூர்களில் பொழுதுபோக்கு ஊருக்குப் பொதுவாய் இருந்தது. கூத்து இருந்தது, பங்குத் திருவிழாவில் இளைஞர் நடித்த நாடகம் இருந்தது, மணலைக் குவித்து அமர்ந்து பார்த்த டூரிங் கொட்டகை இருந்தது. கொட்டகைகள் மறைந்தன. பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் 'பொன்மகள் வந்தாள்', 'சூரரைப் போற்று' முதலிய தமிழ்ப் படங்கள் திரையரங்குக்கே வாராமல் நேரே இணையத்தளத்தில் வெளியாயின. அன்றுமுதல் ஒரு புதிய கதவு திறந்தது. அக்கதவு எல்லாத் தெருவிலும் திறக்கவில்லை. பழைய வாசல் அடைபட்டு, புதிய வாசலுக்கு வழியும் இல்லாதவர் நடுவில் நிற்கிறார். அவரைப் பார்த்து, "பழைய எளிமையே நல்லது" என்பது முறையாகாது. அந்தப் பழைய எளிமையும் இன்று அவரிடம் இல்லை.

அப்படியாயின் இணையத்தில் வருவதெல்லாம் நன்மையா? ஒருபோதும் இல்லை. திருச்சபை இதில் கண்ணை மூடிக்கொண்டதுமில்லை. 1936இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் திரைப்படத்தைக் குறித்து எச்சரித்தார். 1957இல் பன்னிரண்டாம் பயஸ் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் குறித்து எழுதினார். 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்பு ஊடகங்களைப் பற்றித் தனி விதித்தொகுப்பே வெளியிட்டது. 2002இல் திருப்பீடத்தின் சமூகத் தொடர்பு அவை இணையத்தின் ஒழுக்கநெறி குறித்து வெளியிட்ட ஏடு, ஆபத்துகளைச் சுட்டியதோடு, இணையம் உள்ளவர் இல்லாதவர் என்னும் பிளவையும் ஓர் அறச்சிக்கலாகவே எடுத்துரைத்தது. இருபுறமும் பார்க்கும் இந்தப் பார்வையே நமக்கு வேண்டும்.

ஆபத்துகளை நம் வீடுகளிலேயே காண்கிறோம். உணவு மேசையில் நால்வர் அமர்ந்து நான்கு திரைகளைப் பார்க்கிறோம். ஒரு தொடரின் அடுத்த பகுதி தானாகவே தொடங்கிவிடுகிறது. நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வதற்குள் மணி பன்னிரண்டாகிறது. காலைத் திருப்பலிக்கு எழ முடிவதில்லை. பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அக்கட்டுப்பாட்டை யார் மேற்கொள்ள வேண்டும்?

இங்கேதான் நோன்புக்கும் பட்டினிக்கும் உள்ள வேறுபாட்டை நினைவுகூர வேண்டும். தவக்காலத்தில் நாம் ஒருவேளை உணவைத் துறக்கிறோம். பானையில் சோறு இருக்கிறது. இருந்தும் கையை மடக்கிக்கொள்கிறோம். அது நோன்பு. பானையே காலியாயிருக்கும் வீட்டில் உண்ணாதிருப்பது பட்டினி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். இரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஆனால் ஒன்று மனிதன் தன் விருப்பால் கடவுளுக்குக் கொடுப்பது. மற்றது மனிதனிடமிருந்து பறிக்கப்பட்டது. பட்டினி கிடப்பவரிடம் போய் "நீர் நல்ல நோன்பு காக்கிறீர்" என்று சொல்பவன் அவரை ஏளனம் செய்கிறான். அந்த அன்பியக் கூட்டத்தில் நாம் செய்தது அதுவே. துறப்பதற்கு ஒன்று இருக்கும் இடத்தில்தான் துறவுக்குப் பொருள் உண்டு. கட்டுப்பாடு என்னும் புண்ணியம் முதலில் நம் வீட்டு வரவேற்பறையில் பயிலப்பட வேண்டியது. அதை நாம் மலையடிவாரத்துக்கு ஏற்றுமதி செய்துவிட்டோம்.

2020ஆம் ஆண்டின் முழு ஊரடங்கு இதில் ஒரு பாடம் சொல்லிச் சென்றது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் நாடே வீட்டுக்குள் அடைபட்டபோது வலையமைப்பின்மேல் பெருஞ்சுமை விழுந்தது. இணையவழிக் காட்சி நிறுவனங்கள் கூடிப் பேசி, கைப்பேசி வலையமைப்புகளில் காட்சியின் தெளிவைச் சில வாரங்களுக்குக் குறைத்துக்கொள்வதென முடிவு செய்தன. ஐரோப்பாவிலும் அவ்வாறே செய்யப்பட்டது. எல்லாரும் பயன்படுத்தும் வாய்க்கால் இது, வேண்டிய காலத்தில் சிலர் தம் பங்கைச் சுருக்கினால் மற்றவருக்கு நீர் பாயும் என்பதை வணிக நிறுவனங்களே ஒப்புக்கொண்ட நேரம் அது. ஆக, முறைவைத்துப் பகிர்வது இயலாத செயலன்று. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு அது சான்று.

அதே ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழா. கோவில்கள் பூட்டியிருந்தன. பங்குத்தந்தையர் வெற்றுக் கோவிலில் நிறைவேற்றிய திருப்பலியைக் கைப்பேசி வழியே இறைமக்கள் கண்டனர். நகரத்து வீடுகளில் அது ஆறுதலாய் இருந்தது. சிற்றூர்களிலோ, பலர் வீட்டில் அருள்தந்தை கைகளை விரித்தபடியே திரையில் உறைந்து நின்றார். மாதா தொலைக்காட்சி கேபிள் வழியாகவும் கிடைத்ததால் பலருக்கு அந்நாள் வெறுமையாகாமல் போயிற்று. ஒரே அலையை அனைவருக்கும் வீசும் பழைய முறையின் அருமை அன்று புரிந்தது. பொழுதுபோக்குக்குப் போதாத வேகம் வழிபாட்டுக்கும் போதாது, பாடத்துக்கும் போதாது, மருத்துவரோடு பேசவும் போதாது. படம் ஓடாத வீட்டில் வேறு எதுவும் ஓடாது. ஆகவே "பொழுதுபோக்கு பிறகு, முதலில் கல்வி" என்னும் வரிசை தாளில் அழகாயிருந்தாலும், கம்பியின் வழியே அது அவ்வாறு பிரிந்து வருவதில்லை.

நம் வட்டாரத்திலேயே அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் எண்ணிப்பார்க்கலாம். 2025ஆம் ஆண்டு, வத்திராயிருப்பை அடுத்த கூமாபட்டியின் பசுமையைக் காட்டி எடுத்த ஒரு சிறு காணொலி தமிழகமெங்கும் பரவிற்று. எங்கெங்கிருந்தோ மக்கள் வந்தனர். மலையும் தோப்பும் தண்ணீரும் நகரத்தார் திரைகளில் இனிய காட்சிகளாயின. அதில் தவறில்லை, நம் ஊரின் பெயர் பரவியதில் நமக்கும் மகிழ்ச்சியே. எனினும் ஒரு கேள்வி எழுகிறது. சிற்றூர் நகரத்தார் பார்ப்பதற்கு மட்டும்தானா? அதுவும் உலகைப் பார்க்க வேண்டாமா? செண்பகத்தோப்பில் வாழும் பளியர் குடும்பங்களும் அப்படியே. அவர்கள் வாழும் மலைக்காடு 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாயிற்று. 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. காட்டின் காவல் பொருட்டுக் கோபுரமும் கம்பியும் அங்கே எளிதில் செல்லா, அது சரியே. ஆனால் காட்டைக் காப்பதன் நன்மையை நாம் அனைவரும் துய்க்கிறோம். அதன் விலையை அடிவாரத்தில் வாழும் சிலர் மட்டும் செலுத்தினால், அதற்கு ஈடாக நாம் அவர்களுக்கு என்ன கொடுக்கிறோம் என்று கேட்பதும் நீதியைச் சேர்ந்ததே.

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் நம் கையில் இல்லை. எனினும் பொதுநிலையினராகிய நமக்குச் சிறுசிறு கடமைகள் உண்டு. ஆண்டுக்கு ஆறுமுறை, சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. நம் ஊராட்சிக்கு இழை வந்துவிட்டதா, வந்திருந்தால் இயங்குகிறதா, தெருக்களுக்கு எப்போது வரும் என்று அங்கே எழுந்து கேட்கலாம். பங்கு மண்டபத்திலோ பள்ளியிலோ நல்ல இணைப்பு இருந்தால், வாரத்தில் ஒருநாள் மாலை அதைச் சுற்றுப்புறத்துச் சிறாருக்கும் பெரியவருக்கும் சாதி, சமய வேறுபாடின்றித் திறந்துவிடலாம். ஒரு நல்ல படத்தை ஒன்றாய் அமர்ந்து பார்த்து அதைப் பற்றிப் பேசலாம். மறைந்துபோன கொட்டகையின் கூட்டுமகிழ்ச்சி அவ்வாறேனும் திரும்பட்டும். தொடர்பு தாராளமாய் உள்ள வீடுகளில், வாரத்தில் ஒரு மாலையேனும் திரையை அணைத்து வைக்கலாம். அது நம் நோன்பு. நம்மிடம் இருப்பதால் நாம்தான் அதை நோற்க முடியும்.

அடுத்த மாத அன்பியக் கூட்டத்திற்கு மீண்டும் அதே ஊருக்குச் சென்றோம். கிராம சபையில் கொடுப்பதற்காக ஒரு விண்ணப்பம் எழுதி, கூடியிருந்த எல்லாரிடமும் கையொப்பம் வாங்கினோம். ஊராட்சி அலுவலகத்தில் கருவி வந்து இறங்கியிருக்கிறது என்றார்கள்; அங்கிருந்து தெருவுக்கு இன்னும் கம்பி வரவில்லை என்றார்கள். அந்தப் பெண்ணிடம் சென்ற முறை நாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டோம். வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் கைப்பேசியை அணைத்துவிட்டுச் செபமாலை சொல்கிறோம் என்பதையும் சற்றுக் கூச்சத்தோடு சொன்னோம்.

அவர் விண்ணப்பத்தை ஒருமுறை முழுவதும் படித்துவிட்டுக் கையொப்பமிட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "கம்பி வந்ததும் சொல்லியனுப்புறேன் சார். நான் வெள்ளிக்கிழமை அணைச்சிட்டுச் செபமாலை சொல்றேன், சனிக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்து முடிக்கிறேன்" என்றார்.